அணைப் பக்கத்துக் காற்று

1

இன்று காலை அலுவலகத்துக்குப் போனபோது என் மேசைமீது ஒரு சின்ன அட்டைப் பெட்டியும் அதன்மேல் இரண்டு பக்கப் படிவமும் இருந்தன. கருவிகளைச் சோதித்துச் சான்றிதழ் தரும் பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்திருந்தது. பெட்டிக்குள் ஆறு வெப்பப் பதிவுக் கருவிகள். ஒவ்வொன்றும் குளியல் சோப்பு அளவுதான் இருக்கும். கால் மணிக்கு ஒருமுறை சுற்றியுள்ள சூட்டையும் காற்றின் ஈரத்தையும் அளந்து தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். மூன்று வருடம் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, இப்போதுதான் ஜெர்மனிக்குத் திரும்பி வந்திருக்கின்றன.

படிவத்தில் இப்படி எழுதியிருந்தது: "ஆறு கருவிகளின் மேலுறையிலும் மஞ்சள், சிவப்பு நிறத்தில் வட்டமான கறை உள்ளது. கரிமப் பொருளாக இருக்கலாம். எப்படி வந்தது என்று தெரியவில்லை. பயன்படுத்தியவர் விளக்கம் தரவும்." அதற்குக் கீழே நான்கு கோடுகள்.

இந்த நாட்டில் பதினோரு வருடமாக இருக்கிறேன். வீடு மாறினால் படிவம், சைக்கிள் தொலைந்தால் படிவம், பிள்ளை பள்ளிக்கு ஒருநாள் மட்டம் போட்டால் படிவம். ஒருமுறை ஒரு படிவத்தை ஏன் தாமதமாக அனுப்பினேன் என்று விளக்க இன்னொரு படிவம் வந்தது. எல்லாவற்றையும் சளைக்காமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதை மட்டும் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு கருவியோடு சேர்த்துப் பைக்குள் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

மகன் ஜெரோம் கருவியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒன்பது வயது. தமிழ் புரியும், பேசும்போது பாதி வாக்கியத்தில் ஜெர்மனுக்குத் தாவிவிடுவான்.

"அம்மா, இந்தச் சிவப்பு, ரெக்கார்டிங் லைட்டா?" என்றான்.

"இல்லடா. பொட்டு."

"மெஷினுக்கு எதுக்குப் பொட்டு?"

நாள்காட்டியைப் பார்த்தேன். ஊரில் நாளைக்குத் தொழிற்சாலைகளில் ஆயுத பூஜை. நாலு வரியில் அடங்காத இந்த விளக்கத்தை ஊரில் இருக்கிற உங்களுக்காவது முழுசாகச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

நான் ஓசூரில் வளர்ந்தவள். அப்பா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தார். எங்கள் தெருவில் இடதுபக்க வீட்டில் தெலுங்கு, வலதுபக்க வீட்டில் கன்னடம், எதிர்வீட்டில் தஞ்சாவூர்த் தமிழ். அப்பாவின் சாத்தூர்த் தமிழில் இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கலந்து, கடைசியில் எந்த ஊர்த் தமிழென்று அவருக்கே தெரியாமல் போயிற்று. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். ஆனால் அப்பா தொழிற்சாலையின் ஆயுத பூஜைக்குப் போகாத வருடம் கிடையாது. பொரியும் கடலையும் ஒரு சுவீட் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டு, நெற்றியில் குங்குமத்தோடுதான் வீட்டுக்கு வருவார். பங்குத் தந்தை ஒருதரம் தெருவில் எதிரே வந்துவிட்டார். அப்பா சைக்கிளிலிருந்து இறங்கி அவருக்கும் ஒரு கைப்பொரி கொடுத்தார். அவரும் வாங்கிக்கொண்டார்.

நான் இங்கே செய்கிற வேலையைச் சொல்ல வேண்டும். ஒரு கட்டடத்தைக் கட்டுவதற்கு முன்பே, அதற்குள் வெயில் எவ்வளவு இறங்கும், காற்று எந்தப் பக்கம் போகும், வருடத்துக்கு எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது. அதற்கு வானிலைத் தரவும், அதே மாதிரி இருக்கிற பழைய கட்டடங்களில் அளந்த தரவும் வேண்டும். அப்பா தெருக்காரர்களிடம் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவார். "எம் மக, கட்டடம் பொறக்கிறதுக்கு முந்தியே அதுக்கு ஜாதகம் எழுதுறா." எதிர்வீட்டுக்காரர் பொருத்தமும் பார்ப்பீர்களா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்.

ஜெர்மன் மொழியில் என் முதல் விளக்கக் கூட்டத்தில், ஈரம் கசிகிற சுவரைப் பற்றிச் சொல்ல வார்த்தை வராமல் "இந்தச் சுவருக்கு வேர்க்கிறது" என்று சொல்லிவிட்டேன். அறை முழுக்கச் சிரிப்பு. எனக்குக் கழிவறையில் போய் அழுகை. இன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் வேர்க்கிற சுவர் என்றுதான் சொல்கிறார்கள். என் மேலாளர் வால்டர், நான் இந்த நாட்டுக்குக் கொடுத்த கொடை அது ஒன்றுதான் என்று இன்னும் கேலி செய்கிறார்.

3

மூன்று வருடத்துக்கு முன்னால் வால்டர் ஒரு கோப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். காருக்குள் ஓடும் மின்கம்பிக் கட்டுகளைத் தயாரிக்கிற நிறுவனம் ஒன்று, சூளகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் வாடகைத் தகரக் கொட்டகையில் ஆலை நடத்திக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே புதுக் கட்டடம் கட்டப் போகிறார்கள். குறைந்த மின்சாரத்தில் ஓட வேண்டும், அதற்குக் கணக்குப் போட்டுத் தர வேண்டும். கெலமங்கலம், மத்தூர், பாரூர் என்று சுற்றுப்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகும் நூற்றியெண்பது பெண்கள் அந்தக் கொட்டகையில் நின்றபடி கம்பிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"உன் ஊர்தானே, உனக்கே தெரியும்" என்றார் வால்டர்.

ஊர் என்னுடையதுதான். கம்ப்யூட்டரில் இருந்த வானிலைத் தரவு பெங்களூருடையது. கிருஷ்ணகிரிக்கென்று தனியாக எங்களிடம் எதுவும் இல்லை. பெங்களூர் ஏர்கண்டிஷன் ஊர், அதற்குப் பக்கத்து ஊரும் அப்படித்தான் இருக்கும் என்று இங்கே எல்லோரும் நம்பினார்கள். ஓசூரைத் தாண்டி மலையிறங்கினால் வெயில் வேறு என்று நான் வாதாடி, ஆறு கருவிகளை வாங்கி அனுப்பவைத்தேன். பழைய கொட்டகையில் மாட்டிக் கோடை முழுக்க அளப்பது, பிறகு புதுக் கூரையை முடிவு செய்வது என்று ஏற்பாடு.

அங்கே கருவிகளைப் பொறுப்பேற்பவர் பெயரைக் கேட்டு எழுதியிருந்தோம். பதிலில் வந்த பெயரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஓய்வு பெற்ற ஃபிட்டர் யாராவது அந்த வட்டாரத்தில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களா? பெயர் அப்பாவுடையது. ஒப்பந்தத்தில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக அங்கே சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது; கம்பெனியின் பெயரை எங்களிடம் சொன்னதில்லை. வால்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். "நல்லது, அக்கறையாகப் பார்த்துக்கொள்வார்" என்றார். அவர் சொன்னது அப்படியே பலித்தது.

அப்பாவிடம் போனில் எல்லாவற்றையும் விளக்கினேன். எந்தெந்தத் தூணில், எவ்வளவு உயரத்தில், என்ன எண். அது எவ்வளவு துல்லியமான கருவி என்பதையும், கால் டிகிரி வித்தியாசத்தைக்கூடக் காட்டிவிடும் என்பதையும் கொஞ்சம் பெருமையோடு இரண்டு தடவை சொன்னேன். "சரிம்மா, கண்ணுல வச்சுப் பாத்துக்கிறேன்" என்றார். மறுநாளே ஆறு தூணிலும் மாட்டிப் படம் பிடித்து அனுப்பிவிட்டார். ரசமட்டம் வைத்துப் பார்த்திருப்பார் போல, ஒன்றுகூடக் கோணல் இல்லை.

4

மார்ச் முதல் மே வரைக்கும் தரவு வந்தது. மாதம் ஒருமுறை ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரில் செருகி அனுப்பிவைத்தார்கள். நான் ஆறு கருவியின் அளவுகளையும் சராசரி எடுத்து ஒரே கோடாக வரைந்தேன். கோடு காலை எட்டு மணியிலிருந்து ஏறுகிறது, பன்னிரண்டரைக்கு முப்பத்தைந்தைத் தாண்டுகிறது. ஒரு மணிக்குச் சட்டென்று இறங்கி இருபத்தெட்டுக்கு வருகிறது. ஈரம் மட்டும் கூடுகிறது. நாலரைக்குப் பிறகு மறுபடி கொஞ்சம் ஏறி, மாலையில் தணிகிறது. தினமும் இதே கதை.

வெயில் உச்சியில் இருக்கும்போது கொட்டகை ஏன் குளிர்கிறது? இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் எனக்கு விடை கிடைத்துவிட்டது. கிருஷ்ணகிரி அணை!

சின்ன வயதில் வருடத்துக்கு ஒருமுறை அப்பா எங்களை அணைக்குக் கூட்டிப்போவார். வாசலில் மீன் பொரிப்பார்கள். தையல் இலையில் வைத்த சூடான மீனும், தண்ணீர் மேல் ஏறி வருகிற காற்றும், அந்தக் காற்றில் அம்மாவின் முந்தானை பறந்து மீன்மேல் விழுந்து கறையானதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பிற்பகலில் அணைப் பக்கமிருந்து ஈரக் காற்று கிளம்பிக் கொட்டகைக்குள் நுழைகிறது. அதனால்தான் சூடு இறங்குகிறது, ஈரம் ஏறுகிறது. எல்லாம் பொருந்தியது. வெளியே ஒரு வாரமாகச் சூரியன் தலைகாட்டாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, என் ஊரில் தினமும் ஒரு மணிக்குக் காற்று வீசுகிறது என்று நான் அறிக்கை எழுதினேன். எழுதும்போது அந்தக் காற்று என் முகத்தில் பட்டது என்றுகூடச் சொல்வேன்.

அறிக்கைக்கு ஏகப்பட்ட பாராட்டு. இயற்கையே குளிர்விக்கிறது என்றால் செலவு மிச்சம் அல்லவா? புதுக் கட்டடத்தின் வரைபடத்திலிருந்து இரண்டு விஷயங்களை நீக்கினார்கள். ஒன்று, கூரைத் தகரத்துக்கு அடியில் வரவேண்டிய வெப்பத்தடுப்பு அடுக்கு. இன்னொன்று, கூரை உச்சியில் சூட்டை வெளியே விடுகிற திறப்புகள். இரண்டும் வேண்டாம் என்று எழுதிய தாளில் என் கையெழுத்து இருந்தது. அக்டோபர் கடைசியில் கூரைக்கு ஆர்டர் போவதாக முடிவாயிற்று.

5

கருவிகள் அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தன, தரவும் வந்துகொண்டிருந்தது. அக்டோபர் ஆரம்பத்தில் வந்த கோப்பை ஒப்புக்குத்தான் திறந்தேன். அந்தத் தடவை ஏதோ சோம்பலில் சராசரி எடுக்காமல் ஆறையும் தனித்தனிக் கோடுகளாகப் போட்டேன்.

ஒருநாள் காலை பத்தரை மணிக்கு ஆறு கோடும் ஒன்றாகச் சேர்ந்து, அம்பு விட்டமாதிரி ஐம்பது டிகிரிக்கு ஏறி, அரை மணியில் இறங்கியிருந்தன. ஆறும் பதினைந்து பதினைந்து அடி தள்ளித் தள்ளித் தொங்குபவை. ஒன்று சுவரோரம், ஒன்று வாசலோரம். ஆறும் ஒரே அளவைக் காட்ட வேண்டுமென்றால் ஒரே இடத்தில் இருந்திருக்க வேண்டும். நெருப்புப் பக்கத்தில்.

தேதியைப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு முந்தின வேலை நாள். தொழிற்சாலைகளில் பூஜை போடுவது அன்றைக்குத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு கண் பக்கத்து நாளுக்குப் போயிற்று. அங்கே காலையில் ஆறு கோடும் தனித்தனியாக இருந்தன. ஒரு மணிக்கு ஆறும் சேர்ந்து ஒரே கோடாகி, நாலரைக்குத் திரும்பப் பிரிந்தன. முந்தின நாளும் அப்படியே. பழைய மே மாதக் கோப்பைத் திறந்தேன். ஏப்ரலைத் திறந்தேன். எல்லா நாளும் ஒரு மணிக்கு ஆறும் எங்கேயோ போய் ஒன்றாக உட்கார்ந்துவிட்டு, நாலரைக்குத் திரும்பி வந்திருக்கின்றன. நான் எடுத்த சராசரிக்குள் இது புதைந்து கிடந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

அங்கே பிற்பகல் மூன்று மணி இருக்கும். அப்பாவின் செல்போனுக்கு அடித்தேன்.

"அப்பா, பூஜை அன்னைக்கு அந்தப் பொட்டி ஆறும் எங்க இருந்துச்சு?"

"சாமானெல்லாம் எங்க இருக்குமோ அங்கதான். மேசையில. ஸ்பேனரு, மைக்ரோமீட்டரு, டயல் கேஜு, பக்கத்துல உன் பொட்டி. சந்தனம் குங்குமம் வச்சு, சூடம் காட்டினோம். லைன்ல நிக்கிற மஞ்சுளாதான் பொட்டு வச்சா. உன் பொட்டிக்குன்னு கொஞ்சம் பெருசாவே வச்சிருக்கா பாப்பா."

"சரிப்பா. இப்ப எங்க இருக்கு?"

"இப்பவா? தண்ணிப் பானைகிட்ட."

"பானைகிட்டயா?" என்றேன். அப்பா அதை, எனக்கு விவரம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டார்.

"ஒரு மணிக்கு மேல ஷீட்டு கொதிக்கும்மா. அளக்குற சாமானச் சூட்டுல போட்டு வச்சா அளவு தப்பாக் காட்டுமில்ல? முப்பது வருஷம் மைக்ரோமீட்டர எங்க வச்சிருந்தேன், ஏசி ரூமுல. இங்க ஏசி ரூமு ஏது? அதான் மூலையில பானைங்க இருக்கிற எடத்துல ஈரச் சாக்கு விரிச்சு, அதுமேல வரிசையா வச்சிருவேன். வெயில் எறங்கினதும் நாலரைக்கு அதது எடத்துல மாட்டிருவேன். ஒரு நாள் தப்பல. நீ அவ்வளவு சொல்லியிருந்தியே, கால் டிகிரிகூடத் தப்பக்கூடாதுன்னு."

"அப்பா, அது சூட்டை அளக்கிறதுக்குன்னே வந்த பொட்டிப்பா."

"மாதாவே" என்றார் அப்பா.

6

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அதற்குள் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், "என்னாச்சுங்க ஐயா, யாருக்கு என்ன?" என்று கேட்டது. அப்பா அவளிடம் போனைக் கொடுத்துவிட்டார். கெலமங்கலத்துப் பெண் மஞ்சுளா. கம்பி கட்டும் மூன்றாவது லைனின் தலைவி. வீட்டில் பேசுவது தெலுங்கு.

"மேடம், மஞ்சுளா பேசறேன். ஐயா ஒரு மாதிரி உக்காந்துட்டாரு. என்ன மேடம்?"

சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"நாங்க அப்பவே கேட்டோம் மேடம். என்னங்க ஐயா, பொட்டிக்கு மட்டும் பானைகிட்ட எடம், எங்களுக்கு இல்லியான்னு. அது ஜெர்மனிலேருந்து வந்திருக்குது, நம்ம வெயிலு தாங்காதும்மான்னாரு. நாங்களும் சிரிச்சிகினு விட்டுட்டோம்."

"மத்தியானம் உள்ளே எப்படி இருக்கும் மஞ்சுளா?"

"எப்படின்னா, ரெண்டு மணிக்கு மேல கை வேர்த்து கனெக்டரு வழுக்கும். தப்பா சொருவிட்டா ரிஜக்ட்டு ஆவும், திட்டு விழும். ஏப்ரல்ல ரெண்டு பொண்ணுங்க நின்னுகினு இருக்கும்போதே விழுந்துட்டாங்க. காலையில சாப்பிடாம வந்தாங்கன்னு எழுதிகினாங்க. அவங்க சாப்பிட்டுத்தான் வந்தாங்க மேடம், நானும் கூடத்தான் சாப்பிட்டேன்."

பிறகு அவளாகவே கேட்டாள்.

"அணை பக்கத்துலேருந்து காத்து வருதுன்னு நீங்க கண்டுபிடிச்சதா ஆபீசுல சொன்னாங்க. நான் இங்க ஆறு வருஷமா நிக்கறேன். எந்தப் பக்கத்துலேருந்து மேடம் வருது?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொண்டால் அந்தப் பக்கம் திரும்பி நிற்கலாமே என்றுதான் கேட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. அந்தப் பெண்கள் தலைக்குமேல் இன்னும் இருபது வருடத்துக்கு வெறும் தகரத்தைப் போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எதை நம்பி? நாலாம் வகுப்பில் தின்ற ஒரு மீன் துண்டை நம்பி.

அப்பா மறுபடி போனை வாங்கினார். குரல் உள்ளே போயிருந்தது.

"பாப்பா, எம் பேர எழுதிரு. வயசானவன் தெரியாமப் பண்ணிட்டான்னு விட்டுருவாங்க. ரொம்பப் போனா நாளையிலேருந்து வராதன்னுவாங்க, அவ்வளவுதான். நீ பொழைக்கப் போன எடம். உன் பேரு கெடக்கூடாது."

7

அந்த வருடம் என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய வருடம். வேலை இருந்தால்தான் விசா. எங்கள் அலுவலகத்தில் தவறு நடந்தால் அதற்கும் ஒரு படிவம் உண்டு. அதில் ஒரு கட்டம்: பிழைக்குக் காரணமானவர்.

அந்தக் கட்டத்தை நிரப்பாமல் கையில் எடுத்துக்கொண்டு வால்டரின் அறைக்குப் போனேன். காற்று இல்லை, அது பானை என்றேன். அவருக்குப் புரியவில்லை. தண்ணீர் குளிர்வதற்கென்று மண்ணில் ஒரு பாத்திரம் உண்டென்பதே அவருக்குப் புதிது. தாளில் பானை வரைந்தேன், அதன் அடியில் சாக்கு வரைந்தேன், சாக்கின்மேல் ஆறு சோப்புக் கட்டிகளை வரைந்தேன். வால்டர் அந்தப் படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உன் அப்பாவா செய்தார்?" என்று கேட்டார்.

"அவர் கருவியைக் காப்பாற்றினார். அது சூட்டில் தொங்க வேண்டும் என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆறு கோட்டை ஒன்றாக்கியது நான். காற்றைக் கற்பனை செய்ததும் நான்."

கட்டத்தில் என் பெயரை அவர் முன்னாலேயே எழுதினேன். வால்டர் படிவத்தை வாங்கி, என் பெயருக்குக் கீழே, அறிக்கையைச் சரிபார்த்தவர் என்று தன் பெயரையும் எழுதினார். பிறகு வாடிக்கையாளரை அழைத்து, கூரை ஆர்டரைப் பத்து நாள் தள்ளிப்போடச் சொல்லிக் கெஞ்சினார். வேர்க்கிற சுவருக்காகச் சிரித்த மனிதர்தான். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த பிரியம் இன்னும் குறையவில்லை.

பத்து நாளில் புதிதாக அளக்க வேண்டும். அப்பா கருவிகளைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். "எனக்குப் பயமா இருக்கு பாப்பா, நான் கை வச்சா எதையாவது பத்திரம் பண்ணிருவேன்." வழி சொன்னது மஞ்சுளாதான்.

"தூணுக்கு வேர்க்குதா மேடம்? எங்களுக்குத்தானே வேர்க்குது. எங்க கழுத்துல மாட்டிக்கறோம்."

அடையாள அட்டை தொங்குகிற நாடாவிலேயே ஆறு பெண்கள் ஆறு கருவிகளை மாட்டிக்கொண்டார்கள். சந்தனப் பொட்டோடுதான். பத்து நாள் வேலைக்கு நின்றார்கள், சாப்பிட்டார்கள், கழிவறைக்குப் போனார்கள், எல்லாம் கருவியோடு. தரவு வந்ததும் சராசரி எடுக்காமல் ஒவ்வொரு கோடாகப் படித்தேன். கோடைகூட இல்லை, அக்டோபர். ஆனாலும் இரண்டு மணிக்கு ஆறும் முப்பத்தெட்டைத் தாண்டியிருந்தன. மூன்றேகாலுக்கு ஆறு கோடும் திடீரென்று ஏழு டிகிரி கீழே விழுந்து, அடுத்த கால் மணியில் மறுபடி ஏறியிருந்தன. நான் இந்தத் தடவை எந்தக் காற்றையும் கண்டுபிடிக்கவில்லை. போன் செய்து கேட்டேன்.

"டீ பிரேக்கு மேடம்" என்றாள் மஞ்சுளா. "வெளிய புங்க மரத்துக்கிட்ட போய்க் குடிச்சிட்டு வருவோம்."

வாடிக்கையாளருக்கு அனுப்பிய புதிய அறிக்கையின் முதல் பக்கத்தில் அந்த ஒரு படத்தை மட்டும் வைத்தோம். திறந்த வெளியில் ஒரு மரத்தடியில் இருப்பதைவிட உங்கள் கூரைக்கு அடியில் ஏழு டிகிரி அதிகம். வேறு கணக்கெல்லாம் பின்னிணைப்பில் போட்டோம். அதை யாராவது படித்தார்களா என்று தெரியாது. வெப்பத்தடுப்பு அடுக்கும் உச்சித் திறப்புகளும் வரைபடத்துக்குத் திரும்பி வந்தன. என் ஒப்பந்தத்தை மூன்று வருடத்துக்குப் பதில் ஒரு வருடத்துக்குத்தான் புதுப்பித்தார்கள். விசா அலுவலகத்துக்கு மூன்று தடவை கூடுதலாக அலைந்தேன். நியாயம்தான்.

8

கட்டடம் அடுத்த வருடமே எழுந்துவிட்டது. அதற்கடுத்த ஏப்ரலில் ஜெரோமைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பிற்பகல் இரண்டு மணிக்கு உள்ளே நின்றேன். குளுகுளுவென்று இருந்தது என்று சொன்னால் பொய். ஏப்ரல் மாதத்துக் கிருஷ்ணகிரி மாதிரி இருந்தது, அவ்வளவுதான். ஆனால் தலைக்குமேல் அடுப்பு இல்லை. மேலே திறப்புகளில் புறாக்கள் குடியேறி, இரண்டாவது லைன்மேல் எச்சம் போட்டுக்கொண்டிருந்தன. என் கணக்கில் புறா இல்லை. மஞ்சுளா அதைத்தான் முதலில் புகாராகச் சொன்னாள். அப்புறம் ஜெரோமின் கன்னத்தைக் கிள்ளித் தெலுங்கில் ஏதோ கொஞ்சினாள். அவன் அதைத் தமிழ் என்று நினைத்து, தனக்குப் புரிகிற மாதிரியே தலையாட்டினான்.

நான் பயந்ததுபோல அப்பாவை யாரும் அனுப்பிவிடவில்லை. ஆனால் அவர் அந்தப் பானை விஷயத்தை மறக்கவில்லை. நான் இருந்த மூன்று வாரமும் ஒருதரம்கூட ஜாதகம் என்ற பேச்சை எடுக்கவில்லை. அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

இன்று மாலை அவருக்குப் போன் செய்தேன். ஜெரோம் முந்திக்கொண்டு பிடுங்கினான்.

"தாத்தா, நீ மெஷினுக்குப் பொட்டு வச்சியா?"

அவனுக்கு நீ, நீங்கள் எதுவும் பிடிபடவில்லை. திருத்தினால் பேச்சையே விட்டுவிடுவான் என்று நானும் திருத்துவதில்லை. இந்த உலகத்தில் அப்பாவை நீ என்று கூப்பிடுகிறவன் இவன் ஒருவன்தான். அப்பாவுக்கு அதில் சந்தோஷம்.

"ஆமாண்டா ராசா. நாளைக்கும் வைப்போம். உனக்குச் சேத்துப் பொரி எடுத்து வைக்கிறேன்" என்றார்.

நான் வாங்கிக்கொண்டு, பெட்டி வந்து சேர்ந்ததையும் படிவத்தையும் சொன்னேன்.

"அய்யய்யோ, தொடச்சு அனுப்பியிருக்கணுமோ பாப்பா?"

"வேண்டாம்ப்பா, இருக்கட்டும். அதுக்குப் பதிலா வந்த புதுப் பொட்டியெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

"பானைகிட்ட இல்ல" என்றார் உடனே. பிறகு சிரித்தார். மூன்று வருடத்தில் அந்தப் பேச்சுக்கு அவர் சிரித்து இன்றைக்குத்தான் கேட்டேன். "பொண்ணுங்க கழுத்துல. வேற எங்க வைக்க? எதிர்வீட்டுக்காரரு நேத்துக்கூடக் கேட்டாரு, உங்க மக எழுதின ஜாதகம் பலிச்சுதான்னு. பலன் சொல்றது மஞ்சுளா, அவளப் போய்க் கேளுங்கன்னேன்."

போனை வைத்துவிட்டுப் படிவத்தை எடுத்தேன். கறை எப்படி வந்தது என்ற இடத்தில் சந்தனம், குங்குமம் என்று எழுதினேன். கருவியைச் சுத்தம் செய்யலாமா என்ற கேள்விக்கு, வேண்டாம் என்பதில் குறி போட்டேன். கடைசியாக ஒரு கேள்வி இருந்தது: இந்தக் கறையால் கருவியின் அளவுகளில் ஏதேனும் மாற்றம் ஏற்பட்டதா?

ஆம் என்று எழுதினேன். இதை வைத்த பிறகுதான் சரியாகக் காட்ட ஆரம்பித்தது.